மூன்றாவது கோடு

முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது, சொம்பை முக்கி எடுத்துக் கையை உயர்த்தி ஊற்று, மறுபடி முக்கி எடுத்து உயர்த்தி ஊற்று, இப்படி ஒன்பது மணியிலிருந்து ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருக்கிறேன், இப்போது மணி பதினொன்றேகால். ஜெபமாலைக் கணக்கில் எண்ணுவதுதான் வசதி. பத்துச் சொம்புக்குப் பத்து அருள் நிறைந்த மந்திரம், நடுவில் ஒரு பரலோக மந்திரம், அந்த நேரம் தோளுக்கு ஓய்வு, ஐம்பது ஆனால் மறுபடி ஒன்றிலிருந்து. வெள்ளிக்கிழமை, அதுவும் தவக்காலத்து வெள்ளிக்கிழமை, துக்க தேவரகசியம்தான் சொல்ல வேண்டும், எனக்கு அதைத் தேடிப் போகவே வேண்டாம். கரண்ட் போன நிமிஷமே மீன்தொட்டியின் மோட்டார் நின்று கூடமே செவிடாகிவிட்டது. பதினாலு வருஷமாக அந்தக் கொடகொடச் சத்தம் இல்லாமல் இந்த வீட்டில் ஒரு பொழுது போனதில்லை, நின்றால்தான் அது இருந்ததே தெரிகிறது. கீழ்வீட்டுப் புஷ்பா படியில் நின்று கத்தினாள், "அக்கா, ரெண்டு மணிக்குத்தான் வருமாம், பேப்பர்ல போட்டிருந்தானாம்." போட்டால் போடட்டும், பேப்பரை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது, அதைப் படிக்கிறவர் பாடியில் இன்னொருத்தி வீட்டுக்குக் குடிபோய்விட்டார், எனக்கு எதற்குப் பேப்பர். அவர் வைத்துவிட்டுப் போன இன்வர்ட்டரும் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் போன வருஷமே செத்துவிட்டது. "கரண்ட் போனா ரெண்டு மணி நேரம்தான் தாங்கும் அமலா, அதுக்கு மேல தண்ணியில காத்து இருக்காது, மொண்டு மொண்டு ஊத்தணும்." இதைச் சொன்னவரும் அவர்தான். அதனால் ஊற்றுகிறேன். இந்த மீன் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் உயிரோடு இருக்க வேண்டும். அதற்குப் பிறகு இருக்கக் கூடாது என்றில்லை, ஞாயிறு வரைக்கும் கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் அது இரண்டாவது ஞாயிறு.

மீன் இடது மூலைக் கல்லை ஒட்டி நிற்கிறது. நீந்தவில்லை, நிற்கிறது, இந்தச் சாதியே அப்படித்தான். முக்கால் அடி நீளம், வெள்ளையும் நீலமும் கலந்த உடம்பில் மேலிருந்து கீழாக ஆறு கறுப்புக் கோடு, நெற்றியில் ஒரு முண்டு. ஆப்பிரிக்காவில் ஏதோ ஏரியில் ஆழத்தில் இருக்குமாம், ஃப்ரன்டோசா என்று பெயராம். அந்தப் பெயர் என் வாயில் நுழையவில்லை, நான் வைத்த பெயர் மேஸ்திரி. கட்டிடம் கட்டுகிற இடத்தில் ஒரு செங்கல்லைக்கூடத் தூக்காமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எல்லாரையும் முறைத்துக்கொண்டே நடப்பாரே, அந்த மேஸ்திரி. அவருக்கும் பெயர் பிடித்துவிட்டது. "மேஸ்திரி இன்னிக்கு மூட் அவுட்டு" என்பார் வேலையிலிருந்து வந்ததும். நான் அன்றைக்குக் காய்ச்சலில் கிடந்தாலும் முதலில் அதன் முகத்தைத்தான் பார்ப்பார். கொரட்டூர் போர் தண்ணீரில் துணி வெளுக்காது, பருப்பு வேகாது, பக்கெட்டில் வெள்ளையாகப் படிந்துவிடும், ஆனால் இந்த மீனுக்கு அந்த உப்புத் தண்ணீர்தான் தேவாமிர்தம், அதன் ஏரியிலும் இதே தண்ணீர்தானாம். எங்கள் தெருவில் தண்ணீரைக் குறை சொல்லாத ஒரே ஜீவன். செவுள் வேகமாக அடிக்கிறதா? முன்னைவிட வேகமாகத்தான் அடிக்கிறது. இல்லை, நான் பார்ப்பதால் அப்படித் தெரிகிறது. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.

எட்டடித் தொட்டி. அவர் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர், கண்ணாடியை அறுத்துக் கொண்டுவந்து இந்தக் கூடத்திலேயே உட்கார்ந்து ஒட்டினார். ஒட்டி முடித்து நிமிர்ந்த பிறகுதான் நான் கேட்டேன், "நாளைக்கு வீடு மாத்துனா இதை எப்படி எடுப்பீங்க?" படி நடுவில் திரும்புகிறது, எட்டடியைத் திருப்ப முடியாது. அவர் சிரித்தார். "நாம எங்க போவப் போறோம்?" இதைச் சொன்ன வாய்தான். போகும்போது இரண்டு பேண்ட்டும் ஒரு ஷேவிங் செட்டும்தான் எடுத்துப்போனார், சண்டைகூட இல்லை, பாடியில் தங்குகிற நாள் கூடிக்கொண்டே வந்து ஒருநாள் இங்கே வருவது நின்றுபோனது. அந்தப் பாடிக்காரியின் பெயரை நான் சொல்வதில்லை, சொன்னால் ஒரு நாள் பட்டினி என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட தண்டனை. அவர் போய் ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது ஞாயிறு, பத்துமணிப் பூசை முடிந்து நான் வந்தால் வாசலில் நிற்கிறார். "தண்ணி மாத்தணும்." அவ்வளவுதான். உள்ளே வந்து பைப்பைப் போட்டு வாயால் உறிஞ்சிப் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு, ஸ்பாஞ்சைப் பிழிந்து வைத்துவிட்டுப் போனார். அடுத்த மாதமும் அதே ஞாயிறு. மூன்று வருஷமாக ஒரு மாதம் தவறியதில்லை. மகள் சோபியா கோயம்புத்தூரிலிருந்து போனில் திட்டுவாள், "யாருக்காவது அந்த மீனைக் குடுத்துத் தொலைம்மா, அப்பா வந்து வந்து போறது உனக்கு நல்லாவா இருக்கு?" மீனுக்காக வருகிறார்டி என்பேன். கோயிலில் கேட்கிறவர்களிடமும் அதேதான். மீனுக்காக வருகிற வரைக்கும் நான் யாரிடமும் கையேந்தவில்லை, கதவைத் திறந்துவிடுகிறேன், அவ்வளவுதான். எனக்காக ஐயோ பாவம் என்று ஒரு ஆள் படியேறி வருவதாக இருந்தால், அந்தப் படியை நானே இடித்துவிடுவேன்.

ஆனால் சமைப்பேன். அதை மறைத்து என்ன. இரண்டாவது ஞாயிற்றுக்கு முந்தின நாளே ஆட்டுக்கால் வாங்கி வைத்து, காலையில் ஆப்பத்துக்கு மாவு பொங்கிவிட்டதா என்று நாலு தடவை பார்த்து, வாசனை வாசல் வரைக்கும் போகட்டும் என்று அடுப்படிக் கதவைத் திறந்து வைப்பேன். "சாப்ட்டுதான் வந்தேன் அமலா." ஒரு டீ குடிப்பார். அவர் போன பிறகு புஷ்பாவின் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் போடுவேன். "உனக்கு ஆளுங்களைத் தின்ன வச்சே கொல்லத் தெரியும்" என்று முன்பெல்லாம் கேலி செய்வார், அதைக் கேலியாகத்தான் சொன்னார், ஆனால் மேஸ்திரி விஷயத்தில் அது பலித்துவிட்டது. இந்த மீனுக்கு வாரத்தில் ஒரு நாள் தீனி போடக்கூடாது, வயிறு ஒழுங்காக இருக்க வேண்டுமாம். எந்த நாள் என்று கேட்டதற்கு அவர் வெள்ளிக்கிழமை என்றார், "அதுவும் நம்ம கூட ஒருசந்தி இருக்கட்டும்." வெள்ளிக்கிழமை கறி ஆகாது என்று நாங்கள் வஞ்சிரம் பொரித்துச் சாப்பிடுவோம், மீனாகப் பிறந்தது அதைப் பார்த்துக்கொண்டு பட்டினி கிடக்கும், அப்படி ஒரு ஒருசந்தி. அவர் இருந்தவரைக்கும் அந்தக் கணக்கு நடந்தது. போன பிறகு நான் மட்டும். வெள்ளிக்கிழமை கூடத்தில் உட்கார்ந்தால் அது கண்ணாடியோடு கண்ணாடியாக வந்து நின்று என்னைப் பார்க்கும், நான் அடுப்படிக்குப் போனால் அந்தப் பக்கம் வரும், திரும்பினால் இந்தப் பக்கம் வரும். இந்த வீட்டில் எனக்காகக் காத்திருந்த உயிர் அது ஒன்றுதான். எப்படிப் போடாமல் இருப்பது? ஒரு நாள் நாலு உருண்டை போட்டேன். அப்புறம் ஒரு கை. பிறகு வெள்ளிக்கிழமைதோறும் இறால் அரிந்து போட்டேன், வாயைத் திறந்து என் விரலிலிருந்தே வாங்கும், எனக்கு அழுகை வரும். போன ஆகஸ்ட்டில் வயிறு உப்பியது. தின்பதை நிறுத்தியது. வெள்ளையாக நூல் நூலாகக் கழிந்தது. மருந்து கேட்க வேண்டுமானால் அவரிடம்தான் கேட்க வேண்டும், கேட்டால் என்ன போட்டாய் என்று கேட்பார். நான் கேட்கவில்லை. மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம், செவ்வாய்க்கிழமை காலை, மேஸ்திரி பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. ஒரு வார்த்தை போனில் கேட்டிருந்தால் பிழைத்திருக்கும். இதைத்தான் நான் பாவசங்கீர்த்தனத்தில் இன்னும் சொல்லவில்லை, மீனைக் கொன்றேன் என்று சொன்னால் சாமியார் சிரிப்பார்.

மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்திருந்தேன். ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில், அவருடைய பழைய லுங்கியில் சுற்றி. வேறு என்ன செய்வது, குப்பையில் போடவா முடியும்? நாலாவது நாள் விடிந்ததும் கீழே வாதாமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். மண்ணைத் தள்ளும்போது புஷ்பா கோலமாவு டப்பாவோடு வந்து நின்றாள், "என்னக்கா நடுறீங்க?" வாயில் வந்தது, "கறிவேப்பிலை." அன்றிலிருந்து பாவம் அந்தப் பெண் அந்த இடத்துக்குத் தினம் அரிசி கழுவின தண்ணீர் ஊற்றுகிறாள். "அக்கா, கறிவேப்பிலை இன்னும் தளிர் விடலையே" என்கிறாள். மண்ணு சரியில்லை என்று சொல்லிவைத்தேன். ஒரு பொய்க்கு எத்தனை சொம்பு தண்ணீர்.

ஐம்பது. பரலோக மந்திரம். தோள் எரிகிறது. வயிற்றில் ஒன்றும் இல்லை, கண்ணுக்கு முன்னால் தொட்டி லேசாக ஆடுகிறது, ஸ்டூலிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், வரட்டும். சீ, என்ன நினைப்பு. புதைத்த அன்றைக்கே கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளுக்குப் போனேன். செல்போனில் மேஸ்திரியின் படத்தை வைத்துக்கொண்டு கடை கடையாக, தொட்டி தொட்டியாக. எல்லாம் விரல் நீளக் குஞ்சுகள். கடைசியில் ஒரு சந்துக் கடையில் இது இருந்தது. மேஸ்திரியைவிடச் சின்னது, முண்டும் சின்னது, ஆனால் வளரும் என்றான் கடைக்காரப் பையன். "வீட்ல யாருக்கா வளக்குறாங்க?" என்று கேட்டான். "வீட்டுக்காரர்" என்றேன், மூன்று வருஷம் கழித்து அந்த வார்த்தையை வாயால் சொன்னேன், ஒரு முறுக்கு தின்றது போல இருந்தது. பெரிய பையில் காற்றடைத்து இரட்டை ரப்பர் போட்டுக் கொடுத்தான், ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், அது பைக்குள் திரும்பும்போதெல்லாம் என் வயிற்றில் இடித்தது. வீட்டுக்கு வந்து தொட்டியில் விட்ட பிறகுதான் பார்த்தேன். மேஸ்திரிக்கு இடது பக்கம் மூன்றாவது கோடு கீழே போகப்போக இரண்டாகப் பிரியும். அதைத்தான் அவர் வருகிறவர்கள் எல்லாரிடமும் காட்டுவார், "கோடு பாருங்க, கால்சட்டை போட்ட மாதிரி." இதற்கு ஆறு கோடும் ஒழுங்கான கோடு.

அடுத்த இரண்டாவது ஞாயிறு அவர் வந்தார். நான் அடுப்படியில் நின்றுகொண்டு கரண்டியைக் கீழே வைக்காமல் பார்த்தேன். கண்ணாடி முன்னால் குந்தி உட்கார்ந்தார். மீன் பயந்து கல்லுக்குப் பின்னால் போனது. மேஸ்திரி இவரைப் பார்த்துப் பயந்ததே கிடையாது. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து பைப்பை எடுத்துத் தண்ணீர் மாற்றினார், ஸ்பாஞ்சைப் பிழிந்தார், டீ குடித்தார், போனார். ஏழு மாதம். ஏழு ஞாயிறு. தெரியவில்லையா? பதினாலு வருஷம் முகம் பார்த்தவருக்குக் கோடு தெரியாதா? கண் மங்கிவிட்டதா, சர்க்கரை ஏறிவிட்டதா, அங்கே யார் அவருக்கு மாத்திரை எடுத்துக்கொடுக்கிறார்கள்? அல்லது பார்க்கவே இல்லையா, உடம்பு இங்கே குந்தியிருக்கிறது, மனசு எங்கேயோ இருக்கிறதா? என்னையும் அப்படித்தான் கடைசி வருஷங்களில் பார்த்தார், எனக்குப் பதில் வேறொருத்தியை நிற்க வைத்திருந்தால்கூட டீ குடித்துவிட்டுப் போயிருப்பார். இங்கே வந்துதான் ஒவ்வொரு தடவையும் சிக்கிக்கொள்கிறேன், தெரியும் என்றால் ஏன் சொல்லவில்லை, தெரியாது என்றால் எதைப் பார்க்க வருகிறார், தெரியும் என்றால், தெரியாது என்றால். அந்தப் பெருமழை வருஷத்தில் இப்படித்தான் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை, தெருவில் முட்டளவு தண்ணீர், அப்போது மீன் எட்டு, பிற்பாடு மேஸ்திரி ஒன்றுதான் மிஞ்சியது. நான் ஐம்பது சொம்பு, அவர் ஐம்பது சொம்பு, மாறி மாறி. "ஊரெல்லாம் தண்ணிய வெளிய இறைக்குது, நாம மட்டும்தான் உள்ளயே இறைக்கிறோம்" என்று சொல்லி அவர் ஸ்டூலில் நின்றபடியே சிரித்ததும், நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்ததும், ஈரக்கையோடு என் கன்னத்தைக் கிள்ளியதும். என் வாழ்க்கையில் நல்ல நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். இன்றைக்கு ஐம்பது முடிந்தும் சொம்பு என் கையில்தான் இருக்கிறது.

போன் அடிக்கிறது. ஜன்னலில் வைத்திருக்கிறேன். சோபியாவாக இருக்கும், அடிக்கட்டும். நிற்கவில்லை. இறங்கிப் போய் ஈரக்கையோடு எடுத்தால் அவர் பெயர். மூன்று வருஷத்தில் போன் செய்ததே இல்லை. "அமலா, நான்தான். கொரட்டூர்ல கரண்ட் இல்லையாமே, பேப்பர்ல பாத்தேன்." பின்னால் கண்ணாடி அறுக்கிற சத்தம், கடையில் இருக்கிறார். "ஆமா" என்றேன். "ஊத்திக்கிட்டு இருக்கியா?" "பின்ன?" "எப்பத்திலேர்ந்து?" "ஒம்பது மணியிலேர்ந்து." உச்சுக் கொட்டினார். "எதுக்கும்மா? ரெண்டு மணி நேரம்னு நான் சொன்னது எட்டு மீன் இருந்தப்ப. இப்ப அவ்ளோ தண்ணியில ஒத்த மீன், ராத்திரி வரைக்கும்கூட ஒண்ணும் ஆவாது. இறங்கி உக்காரு நீ." எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, இரண்டே கால் மணி நேரம், இந்தத் தோளை வைத்துக்கொண்டு. அவர் நிறுத்தவில்லை, பேச்சோடு பேச்சாக, "அதுவும் இது சின்ன உடம்பு. மேஸ்திரிக்கு வேணும்கிற காத்துல பாதி போதும் இதுக்கு" என்றார். சொன்ன பிறகு அவரே நின்றுவிட்டார். கண்ணாடி அறுக்கிற சத்தமும் நின்றுவிட்டது. "எப்பத் தெரியும்?" என்று கேட்டேன். "மொத நாளே. மூணாவது கோடு." "சொல்லவே இல்லையே நீங்க." "நீயும் சொல்லலையே." அவர் குரலில் கோபமே இல்லை, கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வெள்ளிக்கிழமையிலயும் போட்டியா?" என்று மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் கேட்டேன், ஏழு மாதமாக அல்ல, மூன்று வருஷமாகக் கேட்காததை, "அப்ப எதுக்கு வந்தீங்க?" யாரோ கடையில் நாலுக்கு மூணு என்று அளவு சொன்னார்கள். "தண்ணி மாத்தணும்ல, அமலா" என்றார்.

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். உன்னைப் பார்க்க என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். பாவமாக இருந்தது என்று சொல்லியிருந்தால் போனை எறிந்திருப்பேன். தண்ணி மாத்தணும்ல. நான்தான் வீம்புக்குச் சொன்னேன், "தண்ணி மாத்த எனக்கே தெரியும். பதினாலு வருஷம் பாத்திருக்கேன். இந்த ஞாயித்துக்கிழமை நீங்க ஒண்ணும் வர வேணாம்." அதைச் சொல்லும்போதே உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன், அடப் பைத்தியமே, உனக்குப் பைப்பு தூக்க முடியுமா, நான் வரேன் என்று சொல்லுங்கள், ஒரு தடவை சொல்லுங்கள். "சரி" என்றார். உடனே சொன்னார். யோசிக்கவே இல்லை. ரொம்ப நாளாகத் தோளில் இருந்த மூட்டையை யாரோ வாங்கிக்கொண்டது போல அந்தச் சரி. "ஸ்பாஞ்சை அந்தத் தண்ணியிலயே அலசு, குழாய்த் தண்ணியில அலசிடாத" என்றும் சொன்னார். வைத்துவிட்டார்.

திரும்பிப் பார்த்தால் மீன் நடுத்தொட்டிக்கு வந்திருந்தது. கல்லை விட்டு, தண்ணீர் விழுந்துகொண்டிருந்த இடத்துக்குக் கீழே வந்து மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறது. செவுள் நிதானமாகத்தான் அடிக்கிறது, காலையிலிருந்தே நிதானமாகத்தான் அடித்திருக்கும். ஆறு கோடும் ஒழுங்கான கோடு. இந்தப் பிராணியை ஏழு மாதமாகச் செத்துப்போன ஒன்றின் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன், அது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. கை தன்பாட்டில் தீனி டப்பாவுக்குப் போனது. வெள்ளிக்கிழமை. கையை எடுத்துக்கொண்டேன். அப்போது கீழேயிருந்து புஷ்பா, வழக்கம்போல அரிசி கழுவின தண்ணீரோடு வாதாமரத்தடியில் நின்றுகொண்டு அண்ணாந்து கத்தினாள், "அக்கா, இந்தக் கறிவேப்பிலை வரவே வராது போல, வேற செடி வாங்கி வைக்கலாமா?" நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மண்ணு சரியில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அது கறிவேப்பிலை இல்ல புஷ்பா. மீனு. எங்க வீட்டுப் பெரிய மீனு. செத்துப்போச்சு. அதைத்தான் அங்க பொதைச்சேன்." சத்தமாகச் சொன்னேன், தெருவுக்கே கேட்டிருக்கும். புஷ்பா காலடியைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள், பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்தாள், அண்ணாந்து என்னைப் பார்த்தாள். "ஏங்க்கா அன்னிக்கே சொல்லல?" என்றாள். "சொல்லியிருந்தா நானும் கூட வந்து நின்னிருப்பேனே."